ஊர்திக்குள் ஓர் அகலக் கட்டில்



கோடை விடுமுறை வந்துவிட்டால் இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்சு போன்ற நாடுகளில் பல குடும்பங்கள் விடுதியைத் தேடிச் செல்வதில்லை; வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றன. அடுப்பும் அலமாரியும் படுக்கையும் அடங்கிய அவ்வூர்தியைக் கேம்பர் வேன் என்று அழைக்கின்றனர்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1950-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டிரான்ஸ்போர்ட்டர் வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. மறு ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம், அவ்வேனுக்குள் வைக்கவும் வேண்டாதபோது வெளியே எடுக்கவும் ஏற்ற 'கேம்பிங் பெட்டி' ஒன்றைச் செய்தளித்தது. வார நாள்களில் சரக்கேற்றிப் பிழைப்புக்கு உதவிய வண்டி, ஓய்வு நாளில் குடும்பத்திற்கு இல்லமாயிற்று. இன்றும் பழைய சரக்கு வேனை வாங்கித் தம் கைகளாலேயே இல்லமாக மாற்றிக்கொள்வோர் அந்நாடுகளில் பலர். அவர்கள் எல்லாருக்கும் முதலில் எழும் வினா ஒன்றே: கட்டில் எவ்வளவு அகலமாயிருக்க வேண்டும்? அதனை எப்படிப் பொருத்த வேண்டும்? இம்மாதம் இதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

அளவு நாடா சொல்லும் உண்மை

இங்கிலாந்தில் வீடுகளில் இருவர் உறங்கும் வழக்கமான மெத்தையின் அகலம் 135 செ.மீ. வேனின் ஒரு பக்கம் முழுவதும் சமையல் அலமாரி அமைத்துவிட்டால், எஞ்சிய இடத்தில் 115 செ.மீ. அளவுள்ள கட்டிலே பெரும்பாலும் அடங்கும். அதில் இருவர் படுத்தால் ஆளுக்கு 60 செ.மீ. கூடக் கிட்டாது. நடுவில் ஒரு குழந்தையும் வந்து படுத்துக்கொண்டால், பெற்றோருக்கு அன்றிரவு உறக்கம் இல்லை. ஆகவேதான் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை நீளும் முழு அகலக் கட்டிலைப் பலரும் விரும்புகின்றனர்.

ஆனால் வேனின் உட்புறம் நம் வீட்டு அறையைப் போன்று நேரான சதுரம் அன்று. 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் டி5 வேனையும், அதன் பின் 2015-ஆம் ஆண்டில் வந்த டி6 வேனையும் எடுத்துக்கொள்வோம். அவற்றின் சரக்குப் பகுதியின் மிகுதியான அகலம் ஏறத்தாழ 170 செ.மீ. எனினும், பின்சக்கரங்களின் மேல் உட்புறமாகப் புடைத்து நிற்கும் மேடுகளுக்கு இடையே சுமார் 124 செ.மீ.தான் உண்டு. ஆகவே முழு அகலக் கட்டிலின் கீழ்ச்சட்டம் அம்மேடுகளுக்கு இடையே அடங்கவும், மேற்பலகை அவற்றுக்கு மேலாக இருபுறமும் விரியவும் வேண்டும். மேலும், பக்கச் சுவர்கள் உயர உயர உள்நோக்கிச் சாய்கின்றன. எனவே தரையில் நாடாவை வைத்து அளந்தால் போதாது. மெத்தை அமையப்போகும் உயரத்தில் அளத்தல் வேண்டும். குளிர் தாக்காதிருக்கச் சுவரில் ஒட்டும் பஞ்சும், அதன்மேல் பொருத்தும் பலகையும் எடுத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தே கணக்கிட வேண்டும்.

ஃபியட் டுக்காட்டோ போன்ற பெரிய வேன்களில் உள் அகலம் ஏறத்தாழ 187 செ.மீ. நடுத்தர உயரமுள்ளோர் அதில் குறுக்காகவே படுத்து உறங்கலாம். சிறிய வேனில் அது பெரும்பாலோர்க்கு இயலாது. நீளவாக்கில்தான் படுக்க வேண்டும். ஊர்தியின் அளவைப் பார்த்துக் கட்டிலைத் தேர்வதே அறிவுடைமை. அயலார் வேனைப் பார்த்துத் தேர்வது அன்று.

பெறுவதும் இழப்பதும்

கட்டில் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டால், பக்கவாட்டில் பின்கதவு வரை நீளும் அலமாரிக்கு இடமில்லை. அடுப்பையும் பாத்திரங்களையும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சிறியதொரு பெட்டியில் அடக்க வேண்டும். அல்லது பின்கதவைத் திறந்து வெளியே நின்று சமைக்க வேண்டும். மழை விடாது பெய்யும் நாட்டில் இது சிறிய செய்தியன்று. ஆதலால் கணவர் மட்டும் கடைக்குச் சென்று கட்டிலுக்குப் பணம் செலுத்திவிட்டு வருவது நன்றன்று. தரையில் சுண்ணக்கட்டியால் கட்டிலின் அளவைக் கோடிட்டு, குடும்பத்தார் அனைவரும் அதனுள் படுத்தும் அமர்ந்தும் பார்த்தபின் முடிவு செய்வது நலம்.

பகலில் அது கட்டில் அன்று

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல விரும்புவதற்கு வருவோம். இவ்வகைக் கட்டில்களில் பல, பகலில் மடித்து நிமிர்த்தினால் இருக்கையாகிவிடும். இங்கிலாந்தில் இதனை 'ராக் அண்ட் ரோல்' கட்டில் என்று அழைப்பர். முழு அகல இருக்கையில் மூவர் அமரலாம். பெரும்பாலும் அங்கு அமர்வோர் நம் பிள்ளைகளே. இரவில் மெத்தையின் மென்மையை ஆராயும் நாம், பகலில் அப்பிள்ளைகளைத் தாங்கி நிற்பது எது என்று ஆராய்கின்றோமா?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி ஒன்று மோதி, அரை மீட்டர் தூரத்திற்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அந்நொடியில் உள்ளிருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னோக்கிப் பாயும். 25 கிலோ எடையுள்ள குழந்தை 500 கிலோ எடைக்கு நிகரான விசையோடு சீட் பெல்ட்டை இழுக்கும். பெல்ட் கட்டிலின் சட்டத்தில் இணைக்கப்பட்டிருந்தால், குழந்தைகளின் விசையோடு கட்டிலின் விசையும் சேர்ந்து தரையிலுள்ள போல்ட்டுகளின் மேல் விழும். கட்டிலின் எடை 60 கிலோ என்றால், அது மட்டுமே 1,200 கிலோவுக்கு ஒப்பாகும்.

சீட் பெல்ட் பிணைப்புகளுக்கான ஐக்கிய நாடுகளின் 14-ஆம் ஒழுங்குவிதி இதனை முன்னிட்டே கடுமையாக அமைந்துள்ளது. பயணிகள் கார்களில் மூன்று புள்ளி பெல்ட்டின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,370 கிலோ எடைக்கு நிகரான விசையால் இழுத்துச் சோதிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. ஆகவே, "இது சோதிக்கப்பட்ட கட்டில்" என்று விற்பவர் கூறினால், அத்துடன் மனநிறைவு கொள்ளலாகாது. கட்டிலின் சட்டத்தை மட்டும் சோதித்தார்களா, அல்லது நம் வேனைப் போன்ற வேனின் தரையில் பொருத்தி வைத்துச் சோதித்தார்களா என்று கேட்டுத் தெளிதல் வேண்டும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே.

அம்மெலிந்த கண்ணி பெரும்பாலும் தரையே. வேனின் தரை தடித்த இரும்பன்று, மெல்லிய தகடு. அதில் துளையிட்டுச் சிறு வாஷர் வைத்து முறுக்கிய போல்ட், பெரும் விசை வந்தால் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆதலால் ஊர்தியின் அடிப்புறத்தில் அகன்ற எஃகுத் தகடுகளை வைத்து, விசை பரவும்படி முறுக்க வேண்டும். தகட்டிற்கு மேல் விரித்த மரப்பலகையின் மீதே போல்ட்டை இறுக்கினால், நாளடைவில் மரம் அமுங்கி முறுக்குத் தளரும். அவ்விடத்தில் உலோகக் குழல் ஒன்றைச் செருகுவது முறை. துளையிடுமுன் அடியில் எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாய்களும் மின்கம்பிகளும் எங்குள்ளன என்று குனிந்து பார்த்தல் வேண்டும். துளையின் விளிம்பில் வண்ணம் பூசாவிடில் துரு ஏறி, சில ஆண்டுகளில் பிணைப்பையே தின்றுவிடும். பயிற்சி பெற்ற பணியாளரிடம் விட வேண்டிய வேலை உண்டென்றால் அது இதுவே.

முதுகுப் பலகை நிமிர்ந்த நிலையில் உறுதியாகப் பூட்டிக்கொள்கின்றதா, தலையைத் தாங்கும் அணை உண்டா என்பவற்றையும் பார்க்க வேண்டும். ஊர்தி ஓடும்போது கட்டிலை விரித்துப் பிள்ளைகளை உறங்கவிடுதல் எக்காரணத்தாலும் ஆகாது.

இரவின் ஈரம்

உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்து, மெத்தையின் அடியில் பூஞ்சணத்தை வளர்க்கும். எனவே மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்ட சட்டங்களோ துளையிட்ட பலகையோ இருத்தல் நன்று. குளிருக்கு அஞ்சிக் காற்றுப் புழைகளை அடைப்பதும், கரியடுப்பை உள்ளே கொண்டுவருவதும் உயிருக்கே உலை வைக்கும். அணைந்தது போல் தோன்றும் கரியிலிருந்தும் மணமற்ற நச்சுக்காற்றாகிய கார்பன் மோனாக்சைடு வெளிப்படும்.

வீட்டிற்குப் பொருள் வாங்கும்போது கண்ணுக்குத் தெரிவதற்கே நாம் பெரும்பாலும் விலை கொடுக்கின்றோம். மெத்தையின் துணியும் நிறமும் கண்ணுக்குத் தெரிகின்றன. தரைக்கு அடியிலுள்ள எஃகுத் தகடு தெரிவதில்லை. பணம் குறைவாயிருப்பின் மெத்தையின் விலையில் குறைத்துக்கொள்ளலாம். பிணைப்பின் விலையில் குறைக்கலாகாது. இரவில் சற்று நெருக்கமாகப் படுத்தாலும், பகலில் பிள்ளைகள் உறுதியான இருக்கையில் அமர்ந்து, நலமே ஊர் போய்ச் சேரட்டும்.