ஒரே கட்டிடம், இரண்டு வாசல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பெண் என்னிடம் படித்தவள். இப்போது ஸ்விட்ஸர்லாந்தில், பாஸல் நகரத்து மருந்துக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறாள். அவளுக்கு அங்கேயே கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. தாயாரும் தகப்பனாரும் புறப்பட ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். கூறைப்புடவை தகப்பனார் தம் கையாலேயே நெய்தது.

"வாத்தியாரய்யா! டிக்கட்டிலே பாஸல் என்று போட்டிருக்கிறது. பெண்ணோ, நீங்கள் இறங்கப் போவது பிரான்ஸ் தேசத்து மண் என்கிறாள். இதில் எதை நம்புவது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

இரண்டையும் நம்பவேண்டியதுதான். அந்த விமான நிலையம் பிரெஞ்சு மண்ணில், அல்ஸாஸ் பிரதேசத்தில், ஸ்விஸ் எல்லைக்கு வெகு அருகில் இருக்கிறது. பாஸல், முலூஸ், ஜெர்மனியிலுள்ள பிரைபர்க் ஆகிய மூன்று நகரங்களின் பெயரையும் அது சுமக்கிறது. பாஸலுக்கு விமானம் இறங்க இடம் போதவில்லை. பிரான்ஸிடம் இடம் இருந்தது. யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946 மார்ச்சில் வேலை தொடங்கி, மே மாதம் 8-ந் தேதியே விமானங்கள் இறங்கலாயின. உடன்படிக்கையில் கையெழுத்தானதோ 1949 ஜூலை 4-ந் தேதி! முதலில் காரியம், பிறகு காகிதம். நம் சர்க்கார் ஆபீஸ்களில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு தேசத்து மண்ணில் இன்னொரு தேசத்து அதிகாரி உட்காருவது நமக்கும் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில், இராமேசுவரத்துக்கு இப்பாலுள்ள மண்டபத்தில் இலங்கை சர்க்கார் ஒரு முகாம் நடத்தியது. தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் நம் ஏழை ஜனங்களை அங்கே நாட்கணக்கில் நிறுத்திவைத்து, நோய் இல்லையென்று கண்ட பிறகே கப்பலுக்கு விட்டார்கள். அந்த ஏற்பாட்டில் நம்மை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. பாஸலில் இரண்டு சுதந்தர தேசங்கள் சரிசமமாக உட்கார்ந்து பேசி முடித்தன என்பதே வித்தியாசம்.

நிற்க. பிரயாணிக்கு வேண்டியது சரித்திரமல்ல, வாசல். பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது ஒரு வாசல் பிரான்ஸுக்கும் மற்றொன்று ஸ்விட்ஸர்லாந்துக்கும் போகிறது. ஸ்விஸ் வாசலில் 50-ம் நம்பர் பஸ் நிற்கும். இருபது நிமிஷ நேரத்தில் பாஸல் ரயில் நிலையத்தில் விட்டுவிடும். அது செல்லும் சாலை பிரெஞ்சு மண்ணின்மீதே, இருபுறமும் வேலி அடைத்துப் போடப்பட்டது. நடுவில் இறங்கி பிரான்ஸுக்குள் போக வழி கிடையாது. பிரெஞ்சு வாசலில் வந்தவர்கள் ஸான்-லூயி ரயில் நிலையத்துக்கோ முலூஸுக்கோ போகலாம். வாடகை மோட்டார் எடுப்பவர்களும் இதை மறக்கலாகாது: எந்தப் பக்கத்தில் எடுத்தார்களோ அந்தப் பக்கத்திலேயே திருப்பி விடவேண்டும்.

பாஸ்போர்ட்டைப்பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 2008 டிஸம்பர் முதல் ஸ்விட்ஸர்லாந்தும் ஷெங்கன் கூட்டத்தில் சேர்ந்துவிட்டதால் ஒரே விசா இரண்டு வாசலுக்கும் செல்லும். சென்னையிலிருந்து பாஸலுக்கு நேர் விமானம் இல்லை. பிராங்க்பர்ட் போன்ற ஊரில் விமானம் மாறினால், பாஸ்போர்ட் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும். 2025 அக்டோபரிலிருந்து விரல் ரேகையும் முகப்படமும் பதிவு செய்கிறார்கள். ஆகையால் மாறும் இடத்தில் தாராளமாக நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஷெங்கன் வேறு, சுங்கம் வேறு. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மூன்று வருஷங்களுக்கு முன் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக அங்கே போனபோது, கூட்டத்தோடு கூட்டமாகப் பிரெஞ்சு வாசலில் வெளியேறிவிட்டேன். என்னை அழைக்க வந்த பையனோ ஸ்விஸ் பக்கத்தில் காத்திருந்தான். கட்டிடத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வழி உண்டு. பத்தடி தூரந்தானே என்று நடந்தேன். அந்தப் பத்தடி ஒரு தேசத்தின் எல்லை! பெட்டியில் பரிசுக்கென்று நாலு பட்டுப்புடவைகள்; ரசீதுகளோ காஞ்சிபுரத்தில், அலமாரியில். ரசீது இல்லாவிட்டால் அதிகாரி மதிப்பதுதான் விலை. அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் கொடுத்த விலையைவிட அதிகமாகவே மதித்தார். நம் ஊர் நெசவுக்குப் பெருமைதான். என் பணப்பைக்குத்தான் சிறுமை.

இன்றைய கணக்கு இது. ஸ்விட்ஸர்லாந்துக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுபோகக்கூடியது 150 பிராங்கு பெறுமான சாமான். 2025 ஜனவரிக்கு முன் 300 ஆக இருந்ததைப் பாதியாக்கிவிட்டார்கள். அதற்கு மேற்பட்டால், மிகுதிக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் வரி. பொதுவிகிதம் நூற்றுக்கு 8.1. அசல் ஜரிகைக் கூறைப்புடவை ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும். தாயார் தாம் உடுத்தித் திரும்பக் கொண்டுவரும் புடவைகள் சொந்த உடைமை. அவற்றுக்கு வரி இல்லை. மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் புடவை பரிசு. ஆகவே அது கணக்கில் சேரும். பிரெஞ்சு வாசலில் விமானப் பிரயாணிக்கு 430 யூரோ வரை சலுகை உண்டு. "அப்படியானால் அந்த வழியாக வெளியே வந்து, சாலை வழியே பாஸலுக்குப் போய்விட்டால்?" என்று சில புத்திசாலிகள் கேட்கக்கூடும். சாலையிலும் எல்லை இருக்கிறது. அங்கே தாமாகவே சொல்லவேண்டியது சட்டம். சொல்லாமல் பிடிபட்டால் வரியோடு அபராதமும் சேரும்.

தாம்பூலத் தட்டைப்பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காயும் வாழைப்பழமும் தாராளமாகப் போகலாம். வெற்றிலை, மாவிலை, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம் இவை தாவர நோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் எந்த வாசலிலும் நுழையா. வீட்டில் உருக்கிய நெய்யும் அப்படியே. பால் பண்டம் என்று தடுத்துவிடுவார்கள். பாஸலில் இலங்கைத் தமிழர்கள் வெகுகாலமாகக் குடியிருக்கிறார்கள், கடைகளும் வைத்திருக்கிறார்கள். பெண்ணை முன்கூட்டியே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

டெலிபோன் விஷயமும் உண்டு. எல்லையோரமானதால் கைப்பேசி தானாகவே பக்கத்துத் தேசத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்விட்ஸர்லாந்துக்கு மட்டும் கட்டணம் கட்டியவர்கள் திகைத்துப்போவார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தகப்பனார் மெதுவாக, "நானே நெய்த புடவைக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?" என்றார். நல்ல கேள்வி. பட்டும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தவை. அவருக்கு உரியது கூலி. ஆகவே சங்கத்தில் விலை கொடுத்து, தாம் நெய்த புடவையைத் தாமே வாங்கியிருக்கிறார். அந்த ரசீதை எங்கோ மடித்துச் செருகிய ஞாபகம் என்றார். அம்மாள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே தேடப் போனார். கால்மணி நேரம் கழித்துப் பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து அது அகப்பட்டது.