கத்தி வேண்டாம், மாமி!

அடுத்த வீட்டு மாமியின் ஒற்றைக் கதவு ரெப்ரிஜிரேட்டரில் எப்பொழுது பார்த்தாலும் ஐஸ் மலையாய்க் குவிந்து கிடக்கும். பொறுமையிழந்த மாமி, போன வாரம் கத்தியால் குத்திப் பெயர்த்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம்! குழாயில் ஓட்டை விழுந்து காஸ் வெளியேறிவிட்டது. இந்நாளில் பல பெட்டிகளில் இருப்பது தீப்பற்றக் கூடிய ஐசோபியூட்டேன். நல்ல வேளை, அடுப்பு எரியவில்லை. மாமி ஜன்னல்களைத் திறந்து வைத்தார்.

ஐஸ் ஏன் கட்டுகிறது? உள்ளே நுழையும் காற்றின் ஈரந்தான் உறைகிறது. ஆகையால் முதலில் கதவைக் கவனியுங்கள். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால், ரப்பர் சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரசம், குழம்பு எதுவானாலும் ஆறவிட்டு, மூடி வையுங்கள்.

கனத்த ஐஸ், கம்பளி போர்த்திய மாதிரி. குளிர் கீழே இறங்காது. மின்சாரச் செலவுதான் ஏறும். கால் அங்குலம் சேர்ந்ததுமே சாமான்களை எடுத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து வையுங்கள். உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்தால் சீக்கிரம் உருகிவிடும்.

கத்தி? அது காய் நறுக்க மட்டும் இருக்கட்டும்!