இல்லாத செயலிக்கும் ஓர் எண் உண்டு

புறநானூற்றில் நானூறு பாடல்கள் என்று வகுப்பில் சொல்கிறோம். நூலைத் திறந்து 266ஆம் பாடலை முடித்தால் அடுத்து நிற்பது 269. இடைப்பட்ட இரண்டும் கிடைக்கவில்லை. 1894இல் உ.வே.சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றியபோது, எண்களை நெருக்கிவைத்து 269ஐ 267 ஆக்கியிருந்தால் எவர் தடுத்திருப்பர்? பதிற்றுப்பத்தின் நிலை இன்னும் விளக்கமானது. முதற்பத்து கிடைக்கவில்லை, பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. ஆயினும் 1904இல் வெளிவந்த அந்நூல், குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடிய பத்தை 'இரண்டாம் பத்து' என்றே தொடங்குகிறது. முதலில் நிற்பது இரண்டாவது என்று சொல்வதற்கு ஒரு நேர்மை வேண்டும். பதிப்பியலின் பாதி அந்த நேர்மைதான் என்பது என் கருத்து.

இக்குழுப்பதிவில் எழுதுபவர் பலரும் இலக்கியம் பயின்றவர்கள். கணிப்பொறியின் உள்ளுறுப்புகளைப் பற்றி இங்கே பேசுவதைச் சிலர் விரும்பாமல் இருக்கலாம். பொறுத்தருள வேண்டும். கணினி அறிவியல் மாணவர்க்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறவன் நான். அவர்களுள் ஒருவர் இன்று பெங்களூரில் லினக்ஸ் வழங்கிகள் செயலிழந்தால் அதன் காரணத்தைத் தேடும் பணியில் இருக்கிறார். "ஐயா, நாங்களும் சிதைந்த சுவடிதான் படிக்கிறோம்" என்று அவர் சொன்னபோது அதை உபசார வார்த்தையாகவே எடுத்துக்கொண்டேன். பின்னர் அவர் துணையோடு சில ஆவணங்களைப் படித்துப் பார்த்தேன். உபசாரம் அன்று, உண்மை.

இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல், தன்னால் மேற்கொண்டு நடக்க இயலாத பிழையைக் கண்டால் நின்றுவிடுகிறது. நிற்கும் கணத்தில் நினைவகத்தில் இருந்தது என்ன என்பதைப் படியெடுத்து வைப்பதே கிராஷ் டம்ப். செத்துக்கொண்டிருக்கும் கெர்னலையே இதை எழுதச் சொன்னால் கை நடுங்கும், எழுதுவது தவறாகலாம். ஆகவே நினைவகத்தின் ஒரு மூலையை முன்னதாகவே ஒதுக்கி, அதில் இன்னொரு கெர்னலைத் துயிலில் வைத்திருப்பார்கள். முதலாவது விழுந்ததும் இரண்டாவது எழுந்து, விழுந்ததன் நினைவகத்தைப் படியெடுக்கும். கேடம்ப் எனப்படும் இவ்வமைப்பு 2005 ஆகஸ்டில் வெளிவந்த லினக்ஸ் 2.6.13இல் சேர்ந்தது. அதே ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் இதைப் பற்றிக் கட்டுரை அளித்த மூவருள் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லித்தீர்த்தா ஆகிய இருவரும் ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பிரிவைச் சேர்ந்தவர்கள். மற்றவர் எரிக் பீடர்மன். உலகெங்கும் வங்கியிலும் மருத்துவமனையிலும் ஓடும் லினக்ஸ் வழங்கிகளின் மரணக்குறிப்பை எழுதும் முறையில் பெங்களூரின் பங்கு உண்டு என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

நிற்க. சிக்கலுக்கு வருகிறேன்.

இன்றைய வழங்கியில் செயலி ஒன்றல்ல, பல. ஒரு செயலி பிழையில் விழுந்ததும், மற்றவற்றுக்கு மறுக்கவியலாத ஒரு குறுக்கீட்டை அனுப்புகிறது. அது பெற்ற ஒவ்வொன்றும், அக்கணத்தில் தன் கைவசமிருந்த பதிவேடுகளின் மதிப்புகளைத் தனக்கென ஒதுக்கப்பட்ட குறிப்பேட்டில் எழுதிவிட்டு நின்றுவிடும். எட்டுச் செயலிகளுக்கு எட்டுக் குறிப்பேடுகள். எழுந்துவரும் இரண்டாம் கெர்னல், படிப்போர் வசதிக்காக அவற்றை ஒரே கட்டாகத் தைக்கிறது. தைக்கும்போது வெற்றேடுகளை விட்டுவிடுகிறது. இங்கேதான் பதிற்றுப்பத்து நினைவுக்கு வருகிறது.

0 முதல் 7 வரை எண்ணிட்ட எட்டுச் செயலிகளில் 2, 5 ஆகிய இரண்டும் முன்பே பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தன என்று கொள்வோம். ஆஃப்லைன் என்பார்கள். அவற்றின் ஏடுகள் வெறுமை. கட்டில் எஞ்சுவன ஆறு: 0, 1, 3, 4, 6, 7. பிழை நேர்ந்தது 6ஆம் செயலியில். கட்டைப் பிரிப்பவர் முதல் ஏட்டைச் சுழியத்துக்குரியது என்று தொடங்கி வரிசையாக எண்ணிக்கொண்டு போனால், மூன்றாம் ஏடு வேலையே செய்யாத 2ஆம் செயலியின் வாக்குமூலமாகிவிடும். ஐந்தாம் ஏடு 4இன் பேரில் ஏறும். உண்மையில் அது குற்றம் நேர்ந்த 6இன் ஏடு. 6இன் பேரில் தேடினால் ஏழாம் ஏடு வேண்டும். அப்படியொன்று கட்டில் இல்லை. ஆக, நான்காம் செயலியில் ஓடிக்கொண்டிருந்த, இந்த விபத்தோடு யாதொரு தொடர்புமற்ற நிரல் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அந்த நிரலை எழுதியவர் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார். என் மாணவர் இவ்வாறான ஓர் இரவைக் கண்டிருக்கிறார். எந்த நிறுவனம் என்பது இங்கு வேண்டாம்.

பொதுவான பிழைநீக்கியான ஜிடிபி இக்கட்டைப் படித்தால் ஆறு இழைகள் என்று மட்டுமே காட்டும். எந்த இழை எந்தச் செயலி என்பது அதற்குத் தெரியாது. ரெட்ஹாட்டின் டேவ் ஆண்டர்சன் பல்லாண்டுகள் பேணி வளர்த்த கிராஷ் என்னும் கருவி இதில் தேர்ந்தது. கெர்னலுக்குள் பணியிலிருக்கும் செயலிகளின் வருகைப் பட்டியல் ஒன்று உண்டு. கிராஷ் அதை முதலில் பார்த்து, வந்திருந்தவர்களுக்கே ஏடுகளை முறைப்படி வழங்குகிறது. வராத செயலிக்கு நேரே 'ஆஃப்லைன்' என்று எழுதுகிறது. நம் பதிப்புகளில் 'இப்பாடல் கிடைக்கவில்லை' என்று போடுவதற்கு நிகர்.

ஆனால் வருகைப் பட்டியலையும் முழுதாக நம்பலாகாது. பட்டியலில் பெயர் இருந்தும், உறைந்துபோய்க் குறுக்கீட்டுக்குப் பதில் சொல்லாத செயலி உண்டு; அதன் ஏடும் வெறுமைதான். மறுபுறம், சாதாரண நிறுத்த ஆணை பெற்று நிற்கும் செயலி, நிற்கும்போதே பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிட்டு நிற்கும் வழக்கமும் உண்டு. மெய்ந்நிகர் கணினிகளில் கெர்னல் விழுந்த பிறகு வெளியிலிருந்து படியெடுத்தால், கடைசிவரை உழைத்த செயலிகளும் முன்பே விலகியிருந்தவை போலத் தோன்றுவது இதனால்தான்.

எனவே மௌனம் ஒருவகையன்று. அங்கே இல்லாதவன் மௌனம் வேறு; இருந்தும் வாய் திறவாதவன் மௌனம் வேறு; சொன்னது அழிந்துபோனவன் மௌனம் வேறு. கயத்தாற்றில் வாழ்கிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1799 அக்டோபர் 16 அன்று இங்கே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதற்கு எழுத்துச் சான்றாக நாம் முதலில் எடுப்பது மேஜர் பானர்மேன் சென்னைக்கு எழுதிய கடிதத்தை. கூட்டிவைக்கப்பட்ட பாளையக்காரர்கள் கண்முன்னே அது நடந்தது. அவர்கள் இருந்தார்கள், அவர்கள் ஏடு வெறுமை. அவர்களை வராதவர் கணக்கில் சேர்த்து வரலாறு எழுதுவது எத்தகைய பிழையோ, அத்தகைய பிழையே உறைந்துபோன செயலியை விலக்கப்பட்ட செயலி என்று எழுதுவதும். அந்த உறைவே சில நேரங்களில் விபத்தின் காரணமாக இருக்கும்.

ஐயம் வந்தால் என்ன செய்வது? நாம் செய்வதையே அவர்களும் செய்கிறார்கள்: அகச்சான்று தேடுகிறார்கள். ஒவ்வோர் ஏட்டிலும் அப்போது ஓடிய பணியின் எண் உண்டு. அது இன்ன செயலியின் நடப்புப் பணியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். (வேலையற்று இருந்த செயலிகள் அனைத்துக்கும் பணி எண் சுழியமே, அங்கே இது உதவாது. ஆசிரியர் பெயர் அறியாத பாடல்களைப் போல.) அடுக்குச் சுட்டியின் முகவரி அந்தப் பணிக்குரிய அடுக்கின் எல்லைக்குள் விழுகிறதா என்று பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தைத்த கட்டு நகல்தான். தைப்பதற்கு முந்தைய மூலக் குறிப்பேடுகள், செயலி எண் மாறாமல், விழுந்த கெர்னலின் நினைவகத்திலேயே கிடக்கின்றன. மூல ஓலை கையில் இருக்கும்போது அச்சுப்படியை வைத்துச் சண்டையிடுவானேன்?

இது அபூர்வமான நிலை என்று எண்ண வேண்டாம். 2018இல் இன்டெல் செயலிகளில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைகளுக்குப் பின், ஒரே உட்கருவைப் பகிரும் இரட்டை இழைகளில் ஒன்றை விலக்கிவைப்பதைப் பலர் வழக்கமாக்கினர். அத்தகைய வழங்கியில் செயலிகளுள் சரிபாதி ஆஃப்லைன். ஐபிஎம்மின் பவர்8 கணினியில் ஓர் உட்கருவுக்கு எட்டு இழைகள். பல்லிழையை நிறுத்தினால் பணியிலிருப்பவை 0, 8, 16, 24 என்று தாவிச் செல்லும். அங்கே ஏடுகளை 0, 1, 2, 3 என்று எண்ணிப் படிப்பவர் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தவறாகவே படிப்பார்.

என் குறை கருவியின் மீதன்று. ஆஃப்லைன் செயலிகளைக் காட்டாமல் மறைத்துவைக்கும் வசதியும் கிராஷில் உண்டு. திரை நீளாமல் இருக்க அது தேவைப்படலாம். ஆனால் அறிக்கை எழுதுகிறபோது அந்த மறைப்பை நீக்கிவிட்டே எழுத வேண்டும். நம் கல்லூரிகளில் இயங்குதளம் என்ற தாளை வரையறைகளாக மனனம் செய்விக்கிறார்கள். விழுந்த ஒரு கெர்னலின் படியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வதை நான் கண்டதில்லை. பாடபேதம் என்ற சொல்லைப் பகுதி ஒன்று தமிழில் கேட்டு முகம் சுளிக்கும் அதே பிள்ளைகள்தாம் நாளை இவ்வேடுகளைப் பிரிக்கப்போகிறவர்கள். அவர்களுக்கு நற்றிணை 234ஐக் காட்டுகிறேன். அப்பாடல் கிடைக்கவில்லை, எண் மட்டும் காத்து வைக்கப்பட்டது. இறையனார் களவியல் உரையில் மேற்கோளாக நிற்கும் ஒரு பாடல் அதுவாக இருக்கலாம் என்று பின்வந்தோர் கருதினர். அவர்கள் கருதுவதற்கு அங்கே ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.