படுக்கையருகே ஒரு மொழி

மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குச் செல்லும் மலேசிய மாணவர்களிடையே குர்ஸ்க், வொல்கொகிராத், நிஷ்னி நொவ்கொரத் என்னும் நகரப் பெயர்கள் நெடுநாள் புழக்கத்தில் உள்ளவை. செகிஞ்சானிலோ தஞ்சோங் காராங்கிலோ ஆறாம் படிவம் முடித்த பிள்ளையை அங்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் முதலில் கட்டணத்தை விசாரிப்பர். அடுத்து, பாடம் ஆங்கிலத்தில்தானே என்று கேட்பர். ஆங்கிலந்தான் என்று முகவர் சொல்லும் விடையில் பொய் இல்லை. ஆயினும் அவ்விடை விரிவுரை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஆறாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு தொட்டு மாணவர் நோயாளியின் படுக்கையருகே நிற்க வேண்டும். அந்த நோயாளியோ ரஷ்ய மொழியில்தான் நோவைச் சொல்வார். நாடு திரும்பியபின் மலாயும் ஆங்கிலமுமே மருத்துவமனையில் வழங்கும் என்பதால் ரஷ்ய மொழியை ஒப்புக்குக் கற்றால் போதும் என்னும் கணக்கு, நோயாளியிடமிருந்து நேரே கற்க வேண்டிய ஆண்டுகளைத் தோழர் ஒருவரின் மொழிபெயர்ப்பில் கழிக்கச் செய்கிறது.

தொழில்முறைத் தேர்ச்சி என்பது, தன் துறை சார்ந்த பேச்சையும் எழுத்தையும் பிறர் துணையின்றிக் கையாளும் நிலையைக் குறிக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் தன் அலுவலர்களை அந்நிலைக்குக் கொண்டுவர மலாய்க்கு 36 வாரமும் ரஷ்ய மொழிக்கு 44 வாரமும், அதாவது ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி நேரமும், ஒதுக்குகிறது. தமிழும் அதே 44 வாரப் பட்டியலில்தான் இருக்கிறது என்பதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சற்றுப் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ளலாம். ரஷ்ய அரசின் அயலார்க்கான மொழித் தேர்வு ஆறு படிகளைக் கொண்டது. ஏறத்தாழ 2,300 சொற்களை எதிர்பார்க்கும் முதல் நிலைச் சான்றிதழ், ரஷ்ய வழிக் கல்வியில் நுழைவதற்கு மட்டுமே போதுமானது. 1960இல் மாஸ்கோவில் நிறுவப்பட்டு மறு ஆண்டே பத்ரிஸ் லுமும்பாவின் பெயரைப் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் போன்றவை, ரஷ்ய வழியில் பயில வரும் அயல்நாட்டு மாணவரை முதலில் ஆயத்த வகுப்பில் அமர்த்தி மொழியை ஊட்டிய பின்னரே துறைப் பாடத்துக்கு அனுப்பின. ஆங்கில வழி மாணவருக்கோ உடற்கூறியலின் சுமைக்கு நடுவில் வாரத்தில் சில மணி நேரமே மொழிக்குக் கிடைக்கிறது.

அந்தச் சில மணி நேரமும் ஆங்கில இலக்கணத்தின் வழியாகவே கழிவதுதான் வீண். ரஷ்ய மொழி ஆறு வேற்றுமைகளைக் கொண்டது என்று கேட்டதும் ஆங்கிலமே அறிந்தவர் மலைப்பார். ஐ, ஆல், கு என்று எட்டு வேற்றுமையை மனப்பாடம் செய்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மலைக்க வேண்டியதில்லை. குளிர்கிறது என்பதற்கு ரஷ்யர் 'ம்ன்யே ஹோலத்ன' என்பர். அதன் முதற்சொல் 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமையேயன்றி வேறில்லை. கடிதம் படித்தான் என்று உருபை விட்டுச் சொல்லலாம், ஆனால் அம்மா பார்த்தான் என்றால் பொருள் புரளும் என்பதைத் தமிழர் அறிவர். ரஷ்ய மொழியிலும் மேசையைக் குறிக்கும் 'ஸ்தோல்' செயப்படுபொருளாகும்போது மாறாமல் நிற்க, மருத்துவரைக் குறிக்கும் 'வ்ராச்' மட்டும் 'வ்ராச்சா' என்று மாறும். அங்கே மாடும் நாயும்கூட உயர்திணையின் பக்கம் சேர்ந்துவிடுவது ஒன்றே வேறுபாடு.

கடினமானது எனப் பலரும் அஞ்சும் வினை இணைகளும் அத்தகையவையே. ஒரே செயலுக்கு, முடிவைச் சுட்டாத வினை ஒன்றும் முடிந்ததைச் சுட்டும் வினை ஒன்றும் ரஷ்ய மொழியில் உண்டு. மருந்தைப் பற்றி 'பீலி' என்று கேட்டால் சாப்பிட்டீர்களா என்றும், 'வீபிலி' என்று கேட்டால் சாப்பிட்டுவிட்டீர்களா என்றும் ஏறத்தாழப் பொருள்படும். 'விடு' என்னும் துணைவினை தமிழில் செய்வதை ரஷ்ய மொழி பெரும்பாலும் முன்னொட்டால் செய்துகொள்கிறது. மேசை ஆணாகவும் புத்தகம் பெண்ணாகவும் சன்னல் இரண்டுமல்லாததாகவும் இருப்பதற்கு மட்டும் தமிழில் துணை கிடையாது. அதை நெட்டுருப் போடத்தான் வேண்டும்.

கையெழுத்து தனி இடர். 33 எழுத்துகளையும் அச்சில் தடையின்றிப் படிப்பவர்கூட, 'இஸ்தோரியா பலேஸ்னி', அதாவது நோயின் வரலாறு, எனப்படும் நோயாளிக் குறிப்பேட்டைத் திறந்ததும் திகைப்பார்; அங்கே பல எழுத்துகள் ஒரே மாதிரியான கொக்கிகளாக வரிசைகட்டி நிற்கும், தகர ஒலிக்குரிய எழுத்தோ ரோமன் 'எம்' வடிவில் வரும்.

இத்தனைக்கும் ரஷ்யா மலேசியத் தோட்டங்களுக்கு அறவே அயலானதன்று. 1967இல் தூதரக உறவு ஏற்படுவதற்கு முன்பே சோவியத் ஒன்றியம் மலாயா ரப்பரைப் பெருமளவில் வாங்கிய நாடுகளுள் ஒன்று. இன்று செம்பனை நிற்கும் நிலத்தில் அன்று பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளே இப்போது அங்கே படிக்கப் போகும் வயதில் இருக்கின்றனர்.

நோயாளியிடம் முதலில் கேட்கும் 'நா ஷ்தோ ஷாலுயித்யெஸ்' என்னும் வினா, உடம்புக்கு என்ன செய்கிறது என்பதற்கு நிகரானது. அதற்கு முன் அவரைப் பெயர் சொல்லி விளிக்க வேண்டும். முதியவரை 'நீங்கள்' என்று பன்மையில் பேசுவதோடு, அவர் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்து இவான் பெத்ரோவிச் என்றோ ஆன்னா பெத்ரோவ்னா என்றோ அழைப்பதே அங்கு மரியாதை. 'ஓவிச்' மகனையும் 'ஓவ்னா' மகளையும் குறிக்கும். மலேசிய இந்தியரின் அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி என்னும் இரண்டும் அதே வேலையைத்தான் செய்கின்றன.