வெறி அல்ல, பழக்கம்

“டெல்டாப் பிள்ளைகளுக்குத் திறமை இருக்கிறது, ஜெயிக்கும் வெறி இல்லை, தோற்றால் நாலு வார்த்தை திட்டுங்கள், தானாக வரும்” என்கிறார்கள். இந்த வாதம் பிள்ளைகளைக் கெடுக்கும்.

மன்னார்குடிப் பக்கத்து வடுவூரைப் பாருங்கள். அந்த ஊர் அபினேஷ் மோகன்தாஸ் இடம்பெற்ற இந்திய அணி, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் ஈரானை 35-32 என வென்று கபடித் தங்கம் வாங்கியது. மூன்றே புள்ளி வித்தியாசம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் வெறி கண்ணை மறைத்துவிடும்.

கபடியில், எதிரணிக் களத்துக்குள் பாடிச் செல்லும் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அணியின் இரண்டு ரெய்டுகள் அடுத்தடுத்து வெறுமனே முடிந்தால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும்; இல்லையேல் அவுட். அந்த நேரத்தில் யாரைத் தொடுவது, எப்போது திரும்புவது என்று பதறாமல் முடிவெடுக்கும் பழக்கத்துக்குப் பெயர்தான் மனத்திடம். திட்டுக்குப் பயந்தவன் எதிராளியை விட்டுவிட்டுக் கோச்சின் முகத்தைப் பார்ப்பான்.

கபடிக்கு மட்டுமல்ல, செஸ்ஸுக்கும் இது பொருந்தும். 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். மூன்றாவதில் வென்று, 18 வயதில் பட்டமும் பெற்றார். அவருக்கு மனப்பயிற்சி தர பேடி அப்டன் இருந்தார். தஞ்சாவூர், திருவாரூர் மைதானங்களுக்கும் அந்த உதவி வேண்டும். அதுவரை, தோற்ற பிள்ளையை அதட்டாதீர்கள். எந்த ரெய்டில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து பேசுங்கள்.