ஏவுமுன் எண்ணுவோம்

தானே ஒரு வேலையைச் செய்வது ஒரு திறமை. தக்கவரிடம் ஒப்படைத்துச் செய்விப்பது மற்றொரு திறமை. கணினி நிரலும் இப்படித்தான். தன்னால் இயலாத வேலைக்குக் கட்டளை வரி ஒன்றை எழுதி 'ஷெல்' என்னும் ஏவலாளிடம் கொடுத்துவிடும்.

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் இதற்கென ஒரு பாடமே உண்டு. பைதான் நிரலுக்குள்ளிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்கும் பாடம் அது. 'ஓ.எஸ்.சிஸ்டம்' என்னும் செயற்கூறு, நிரல்பெயர்ப்பியின் பெயரோடு கோப்பின் பெயரையும் ஒட்டி, ஒரே வரியாக ஷெல்லிடம் சேர்க்கிறது. பயனுள்ள பாடமே. ஆனால் அதன் ஆபத்தையும் உடன் கற்பிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஆபத்து யாது? பெற்றோர்க்கும் விளங்கும்படி கூறுவோம். ஸ்ரீரங்கத்து அம்மா ஒருவர், காந்தி மார்க்கெட் கடைக்காரருக்குச் சீட்டு எழுதுகிறார் எனக் கொள்வோம். "இதைக் கொண்டுவரும் ...... என்பவரிடம் ஒரு கிலோ அரிசி கொடுக்கவும்." சீட்டைக் கொண்டு செல்பவர் காலியிடத்தில் தம் பெயரை எழுதாமல், "கமலாவிடம் இரண்டு மூட்டை சர்க்கரையும், உடன் வரும்" என்று எழுதிவிட்டால்? கடைக்காரர் முழுவதையும் அம்மாவின் சொல்லாகவே எடுத்துக்கொள்வார். ஷெல்லும் அப்படியே. கோப்பின் பெயரைக் கேட்ட இடத்தில் ஒருவர் பெயருக்குப் பின் '&' குறியிட்டு, கோப்புகளை அழிக்கும் கட்டளையையும் சேர்த்துவிட்டால், விண்டோஸ் ஷெல் இரண்டையும் நிறைவேற்றும். லினக்ஸில் ';' குறி போதும்.

இது வீண் அச்சமன்று. 'பாஷ்' என்ற ஷெல்லில் 1989 முதல் மறைந்திருந்த ஒரு குறை, 2014 செப்டம்பரில் 'ஷெல்ஷாக்' என்னும் பெயரில் வெளிப்பட்டது. வெறும் தகவலாக வந்த எழுத்துகளின் வாலை அது கட்டளையாக எண்ணி நிறைவேற்றியது. உலகெங்கும் கணினிகளை அவசரமாகத் திருத்த நேர்ந்தது.

பரிகாரம் எளிது. பைதானில் 2004 முதலே 'சப்பிராசஸ்' என்னும் தொகுதி உள்ளது. கட்டளையையும் பெயரையும் தனித்தனிச் சொற்களாகப் பட்டியலிட்டுக் கொடுத்தால், இடையே ஷெல் வராது. பெயர் பெயராகவே நிற்கும்.

இன்னுமொன்று. ஏவிய வேலை முடிந்ததா என்று கேட்டறிய வேண்டும். பிழையினால் புதிய நிரல் உருவாகாதபோது, அதைக் கவனியாமல் அடுத்த வரிக்குச் சென்றால் நேற்றைய பழைய நிரலே இயங்கும். அதன் விடையைக் கண்டு மாணவி மகிழ்ந்துபோவாள்!

திருச்சிப் பள்ளிகளில் இன்று இப்பாடம் பயில்வோர் நாளை வங்கிக்கும் மருத்துவமனைக்கும் நிரல் எழுதுவர். ஆய்வுக்கூடத்தில் பழகிய கைதானே அங்கும் எழுதும்? ஆகவே சகோதரிகளே, பிறர் தரும் சொல்லைக் கட்டளையோடு ஒட்டாதிருப்போம். ஏவிய பின் விளைவையும் கேட்டறிவோம். மதிப்பெண்ணுக்காக அன்று, நம் நிரலை நம்பப்போகிறவர்களுக்காக.