88 தோசையும் ஒரு சோம்பேறி டோஸ்ட்டும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு என்னைய இழுத்துட்டு வந்தது ஒரே ஒரு வார்த்தை. "சோம்பேறி." அதுவும் யாரைப் பாத்து? ராத்திரி பதினோரு மணிக்கு ஒத்தையா உக்காந்து 24 முட்டையை உடைச்சுக்கிட்டு இருந்த என்னையப் பாத்து!

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். எங்க வீடு மாப்பிள்ளையூரணியில. தூத்துக்குடிக்கு வடக்க, ஊரோட ஒட்டுனாப்ல. ஜூலை 26-ல கொடி ஏறிருச்சுன்னா ஆகஸ்ட் 5 வரைக்கும் பனிமய மாதா கோயில் திருவிழா. வேதக்காரங்க, இந்து, முஸ்லீம்னு பாக்காம ஊரே போகும், வெளியூர்ல பொழைக்கப் போனவன் எல்லாம் திரும்பி வருவான். கடைசி நாள் எங்க வீட்டுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஒரு கூட்டம், மதுரையில இருந்து வேன்ல ஒரு கூட்டம். போன தடவை மொத்தம் 22 பேர்.

22 பேருக்கும் காலைச் சாப்பாடு என்ன? தோசை. காலங்காலமா தோசை. ஆளுக்கு நாலுன்னு வச்சாலே 88 தோசை. ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்னா 176 நிமிஷம், கிட்டத்தட்ட மூணு மணி நேரம். ரெண்டு கல்லு போட்டாலும் ஒன்றரை மணி நேரம் ரெண்டு பேர் அடுப்படியில நிக்கணும். ஆகஸ்ட் மாசம், தூத்துக்குடி வெக்கை, தலைக்கு மேல ஃபேன் போட்டா அடுப்பு அணையும். போட மாட்டாங்க.

நிக்கிறது யாருன்னு நான் சொல்லவே வேண்டாம். எங்க அம்மாவும் பெரியம்மாவும். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வருஷத்துக்கு ஒருதடவை பாத்துக்கிறதே இந்த ஒரு நாள்தான். அம்மாவுக்குக் கால்ல நரம்பு சுருட்டல். மாத்தி மாத்தி காலைத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பா. "சட்னி", "இன்னும் ஒண்ணு முறுகலா", "எனக்கு ஊத்தப்பம்" சத்தத்துக்கு நடுவுல அந்த ரெண்டு பேரும் பேசிக்கிட்டது மொத்தம் பத்து வாக்கியம் இருக்காது. எல்லாரும் கை கழுவின பிறகு மாவு வழிச்ச கடைசி ரெண்டு தோசையை நின்னுக்கிட்டே தின்னுட்டு சேலை மாத்த ஓடுவாங்க.

இதுல நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. முப்பது வருஷமா முதல் ஈட்டுல உக்காந்து முறுகல் தோசை கேட்டவன்தான். ஒத்துக்கிறேன்.

நிற்க. போன தடவை நான் செஞ்சது பாம்பே டோஸ்ட். கல்லுல சுடுறது இல்ல. முந்தின ராத்திரியே ரொட்டியை ட்ரேயில அடுக்கி, முட்டையும் பாலும் கலந்து ஊத்தி, ஃப்ரிட்ஜ்ல வச்சு, காலையில அப்படியே ஓவனுக்குள்ள தள்ளுறது. கேட்டதும் சித்தப்பா சொன்னாரு: "ஏலே, ரொட்டியைத் தின்னவா மெட்ராஸ்ல இருந்து வந்தோம்? எனக்கென்ன காய்ச்சலா அடிக்குது?" அடுத்த வரிதான் அந்த சோம்பேறி டோஸ்ட். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள புகைஞ்சது. அதான் இந்தப் பதிவு.

ரொட்டின்னா காய்ச்சல்காரன் சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போறவன் வாங்கிட்டுப் போறதுன்னு தமிழ்நாடு முழுக்க ஒரு நினைப்பு இருக்கு. மத்த ஊர்க்காரன் சொன்னாக்கூட மன்னிச்சுருவேன். முத்துக்குளித்துறைக்காரன் சொல்லலாமா? 1542-ல சேவியர் இந்தக் கரையில வந்து இறங்குறதுக்கு முன்னாலயே போர்த்துகீசியர் இங்க வந்தாச்சு. 1658-ல டச்சுக்காரன் வந்து புடிக்கிற வரைக்கும் நூறு வருஷத்துக்கு மேல அவங்க கொடிதான். வீட்டுல இருக்கிற ஜன்னல், அலமாரி, சாவி, மேசை எல்லாம் அவங்க விட்டுட்டுப் போன வார்த்தை. எதிர்க்கரையில, இலங்கைத் தமிழர்கள் ரொட்டியை இன்னிக்கும் பாண்னுதான் சொல்றாங்க, அதைச் சுடுற பேக்கரி அடுப்பைப் போறணைன்னு. ரெண்டும் போர்த்துகீசியச் சொல்தான். கோவாவுல ஈஸ்ட் கிடைக்காத காலத்துல தென்னை கொடுத்த கள்ளை ஊத்தித்தான் ரொட்டி மாவைப் புளிக்க வச்சான். அந்த போர்த்துகீசியர் கிறிஸ்துமஸுக்கு வீட்டுல என்ன செய்வாங்கங்கிறீங்க? பழைய ரொட்டியைப் பால்ல நனைச்சு, முட்டையில முக்கிப் பொரிச்சு, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவித் திம்பாங்க. ரபனாடான்னு பேரு. நம்ம சித்தப்பா காய்ச்சலுக்குச் சாப்பிடுற அய்ட்டம் அங்க பண்டிகைப் பலகாரம்.

அந்நியச் சாப்பாடு வேண்டாம்னா மிளகாயையும் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் முதல்ல கப்பல் ஏத்தி அனுப்பணும். அப்புறம் சட்னிக்கு என்ன பண்ணுவீங்க?

அடுத்த குத்தச்சாட்டு, "ராத்திரியே செஞ்சு வச்சுட்டு காலையில சூடு பண்றது என்ன சமையல்?" இதைச் சொல்றது யாரு? சாயங்காலம் மாவை ஆட்டி வச்சுட்டு, அது ராத்திரி முழுக்க தானா பொங்குறதை நம்பித் தூங்கப் போற இனம்! ராத்திரி தண்ணி ஊத்தி வச்ச பழைய சோத்தை காலையில அமிர்தம்னு குடிக்கிற இனம்! உலகத்துலயே முந்தின நாள் வேலை பாத்து வச்சுக்கிறதுல நம்மளை அடிச்சுக்க ஆள் கிடையாது. உளுந்து ஊறினா பாரம்பரியம், ரொட்டி ஊறினா சோம்பேறித்தனமா? நல்லா இருக்குய்யா நியாயம்.

இட்லி அவிக்கலாமேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஈட்டுக்கு ஈடு அவிக்கலாம், தோசை மாதிரி ஒவ்வொண்ணுக்கும் நிக்க வேண்டாம். ஆனா சாம்பார், ரெண்டு சட்னி, துணியில இருந்து எடுக்கிறது, ஈடு மாத்துறதுன்னு அதுலயும் ஒரு ஆள் அடுப்படியை விட்டு வர முடியாது. "கடையில பார்சல் வாங்கிரலாமே"ங்கிற அண்ணாச்சிகளுக்கு: ஆகஸ்ட் 5 காலையில தூத்துக்குடிக் கடையில போய் 22 பார்சல் கேட்டுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்.

இப்ப மேட்டருக்கு வருவோம். ஒரு பெரிய ட்ரேக்கு 400 கிராம் ரொட்டி, 8 முட்டை, 600 மில்லி பால், 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. இந்த மாதிரி மூணு ட்ரே. ஒரு ட்ரே ஏழெட்டுப் பேருக்கு வரும். ரொட்டி பழசா இருந்தாத்தான் நல்லாருக்கும், புது ரொட்டி பாலைக் குடிச்சதும் கரைஞ்சு போகும். எல்லாப் புத்தகத்துலயும் முந்தின நாள் ரொட்டியை வெளிய வச்சுக் காய விடுங்கன்னு போட்டிருப்பான். அவன் எந்த ஊர்ல உக்காந்து எழுதுறானோ! நம்ம கடற்கரைக் காத்துல ரொட்டி காயாது, நமத்துப் போய்ப் பூசணம்தான் பூக்கும். அதனால துண்டு போட்டு ஓவன்ல 120 டிகிரியில கால் மணி நேரம் வச்சு எடுத்துரணும். நான் முதல் தடவை இதைச் செய்யாம விட்டு, ட்ரே நடுவுல கஞ்சி மாதிரி தளும்புச்சு. அந்தக் கதையை சித்தப்பாவுக்கு யாரும் சொல்லிறாதீங்க.

இன்னொரு சொதப்பல். சர்க்கரைக்குப் பதிலா உடன்குடி கருப்பட்டியைப் பாகு காய்ச்சி சூட்டோட பால்ல ஊத்தினேன். பால் திரிஞ்சு போச்சு. கருப்பட்டி, வெல்லம் ரெண்டுக்கும் அந்தக் குணம் உண்டு. இப்பல்லாம் கருப்பட்டிப் பாகு தனியா, பரிமாறும்போது மேல ஊத்துறதுக்கு மட்டும். வெளிநாட்டுக்காரன் மேப்பிள் மரத்துப் பாகுன்னு டப்பாவுல வாங்கி ஊத்துறான். பனங்காட்டுக்காரனுக்கு அது எதுக்கு?

ஊத்தினதும் ட்ரே நேரா ஃப்ரிட்ஜுக்குப் போகணும். இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம். முட்டை கலந்த பாலை நம்ம ஊர் வெக்கையில ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக் கூடாது. ராத்திரி கரண்டு ரொம்ப நேரம் போயிருந்தா யோசிக்காம கொட்டிட்டு தோசைக் கல்லை எடுத்துருங்க (ஆமா, நானேதான் சொல்றேன்!). கண்ணாடி ட்ரேயா இருந்தா ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சூட்டோடன்னு சொல்லக் கூடாது, எடுத்த குளிரோட ஓவன்ல வைக்காதீங்க, விரிஞ்சு தெறிக்கும். அலுமினிய ட்ரே உத்தமம். 180 டிகிரி, முதல் அரை மணி நேரம் மூடி, அப்புறம் கால் மணி நேரம் திறந்து. நடுவுல கத்தியை விட்டா ஈரமில்லாம வரணும். சூடு அதிகம் வச்சு அவசரப்பட்டா முட்டை இறுகித் தண்ணி விட்டுரும், பொரியல் தின்ன மாதிரி இருக்கும்.

எங்க ஓவன்ல ஒரு ட்ரேதான் போகும். மத்த ரெண்டையும் தெரு முனை பேக்கரி அண்ணாச்சிகிட்ட கொடுத்தேன். ராத்திரி ரொட்டி போட்டு முடிச்ச விறகு அடுப்புல காலையிலயும் சூடு நிக்கும். அவரு தட்டைப் பாத்துட்டு "என்னவே இது, கேக்கா?"ன்னாரு. ஓவனே இல்லையா? பழைய குக்கர்ல ரப்பரும் வெயிட்டும் எடுத்துட்டு, அடியில கல்லுப்பு பரப்பி, மேல தட்டு வச்சு சிறு தீயில வேக விடுங்க. தமிழ்நாட்டு உப்புல பெரும்பங்கு விளையிற ஊர்ல உப்புக்கா பஞ்சம்? சர்க்கரை வியாதி உள்ளவங்களுக்கு ஒரு சின்ன தட்டுல சர்க்கரை இல்லாம வெங்காயம், பச்சை மிளகா, மிளகு, மல்லித்தழை போட்டு வச்சேன். உண்மையைச் சொல்லணும்னா அதுதான் முதல்ல காலியாச்சு.

காலையில ஆறேகாலுக்கு ட்ரே உள்ள போச்சு, ஏழு மணிக்கு வெளிய வந்துச்சு. டீக்கடையில இருந்து வடை, ஒரு தார் வாழைப்பழம். அவ்வளவுதான். வெட்டித் தட்டுல வச்சது நானும் மச்சானும். அம்மா பழக்க தோஷத்துல ரெண்டு தடவை அடுப்படிக்குள்ள வந்தா. உள்ள அவளுக்கு வேலை இல்ல. மூணாவது தடவை பெரியம்மா, "ஏட்டி, இங்க வந்து உக்காரு"ன்னு கையைப் புடிச்சு இழுத்துத் திண்ணையில உக்கார வச்சாங்க. ஒன்பது மணி வரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்கவே இல்ல. எங்க ஆச்சி நகையில ஒரு ஜோடி கம்மல் எப்படித் தொலைஞ்சதுங்கிற, நாற்பது வருஷமா பாக்கி கிடந்த விசாரணை அன்னிக்குத்தான் முடிஞ்சது. (எடுத்தது யாருன்னு இங்க எழுதினா என்னைய வீட்டுல சேக்க மாட்டாங்க.)

தோசை மேல எனக்கு விரோதம் கிடையாது. நாலு பேர் இருக்கிற வீட்டுல, கல்லுல இருந்து நேரா தட்டுக்கு வர்ற தோசைக்கு ஈடா எதையும் சொல்ல மாட்டேன். 22 பேருக்கு அதே முறுகல் வேணும்னு அடம் புடிக்கிறவன், கரண்டியைக் கையில எடுத்துக்கிட்டு 88-ஐயும் அவனே சுடட்டும். சுட்டுட்டு வந்து சொல்லட்டும் யாரு சோம்பேறின்னு.

டிஸ்கி: சித்தப்பா மூணு துண்டு சாப்பிட்டாரு. நாலாவதுக்குத் தட்டை நீட்டும்போது ட்ரே காலி. "சோம்பேறிப் பயலே, இன்னொரு தட்டு சேத்துப் போட்டா என்னலே?"ன்னு கேட்டாரு. அடுத்த ஆகஸ்ட்டுக்கு நாலு ட்ரே. முட்டை 32. உடைக்கிறது அவரு.